ஸ்கானில் “நிணநீர்க் கணு பெருத்திருக்கு” என்று வந்தால்: பெருங்குடல் புற்றுநோயில் சத்திரசிகிச்சை எவ்வளவு தூரம் உதவும்?

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவுக்கு வயது 58, வேளாண்மை செய்பவர். சில மாதமாகக் களைப்பு, இரத்தம் குறைவு. கொலனோஸ்கோபியில் வலப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. சி.ரி. ஸ்கானில், கட்டி குடற்சுவரைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருக்கிறது, பக்கத்தில் சில நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றன, ஈரலிலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. சேர்ஜன் வெட்டி எடுக்கலாம் என்கிறார். சொந்தக்காரர் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்: “கணுவுக்குப் போயிட்டுதெண்டா எல்லா இடமும் பரவிட்டுது. கத்தி பட்டா இன்னும் பரவும். விட்டிருங்க.” கொழும்பா மட்டக்களப்பா என்ற குழப்பமும் சேர்ந்திருக்கிறது.

தம்பி, விட்டுவிடக்கூடாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சுகப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யக்கூடிய நிலையில்தான் வாப்பா இருக்கிறார். அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். “கணுவுக்குப் போயிட்டுது” என்ற ஒரு வரியைக் கேட்டே வைத்தியத்தைக் கைவிட்ட குடும்பங்களை எழுவான்கரையிலும் பார்த்திருக்கிறேன், படுவான்கரையிலும் பார்த்திருக்கிறேன்.

வாப்பா வயற்காரர், அவருக்கு விளங்கும்படியே தொடங்குகிறேன். வயலில் மிஞ்சுகிற நீர் முதலில் வரம்போரச் சிறு வடிச்சலில் இறங்கி, அங்கிருந்து பெரிய வடிச்சல் வாய்க்காலுக்குப் போய், கடைசியில்தான் ஆற்றிலோ வாவியிலோ சேர்கிறது. குடலின் திசுக்களிலிருந்து வடியும் நிணநீரும் அப்படித்தான் படிப்படியாக வடிகிறது. குடலை முதுகுப்புறத்தோடு இணைக்கும் கொழுப்பு மடிப்பை மெசென்ரறி என்பார்கள். குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகள் அதற்குள்தான் ஓடுகின்றன. நிணநீர்க் குழாய்கள் அதே நாடிகளை ஒட்டி, எதிர்த்திசையில், நாடியின் வேரை நோக்கிப் போகின்றன. வழியில் மூன்று வரிசையாகக் கணுக்கள், அதாவது வடிகட்டி போன்ற சிறு முடிச்சுகள், இருக்கின்றன: குடலை ஒட்டிய வரிசை, நாடிகளின் நடுவழி வரிசை, நாடி பிறக்கும் இடத்து வரிசை. கட்டியிலிருந்து உதிரும் புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலும் முதல் வரிசையில்தான் முதலில் சிக்குகின்றன. முதல் வரிசையைத் தாண்டிக் குதித்துப் போவதும் உண்டு, ஆனால் அது குறைவு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜேமிசன், டொப்சன் என்ற இருவர் இந்த வழித்தடத்தை 1909இலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். இன்றைய சத்திரசிகிச்சையும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. கணுவில் நோய் இருக்கிறது என்றால், நோய் போகும் வழியில் சில கலங்கள் பிடிபட்டிருக்கின்றன என்று பொருள். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பொருளில்லை. அந்த வழியையும் அதிலுள்ள கணுக்களையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட முடியும். ஈரல், நுரையீரல், வயிற்றின் உள்ளுறை ஆகிய இடங்களில் நோய் இருந்தால்தான் அதை நான்காம் நிலை என்கிறோம். பக்கத்துக் கணுக்களில் மட்டும் இருந்தால் மூன்றாம் நிலை. பெருநாடியை ஒட்டிய கணுக்கள் போலத் தொலைவில் உள்ளவற்றில் நோய் இருந்தால், கணுவாக இருந்தாலும் அது நான்காம் நிலைக் கணக்கில் போகும். ஆகவே எந்தக் கணு, எந்த இடத்துக் கணு என்று சேர்ஜனிடம் கேளுங்கள். “கணுவில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

இன்னொன்று, வாப்பாவுக்குக் கணுவில் நோய் இருக்கிறது என்றே இன்னும் முடிவாகவில்லை. சி.ரி. ஸ்கான் ஒரு கணு எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்பதைத்தான் காட்டும். கட்டியைச் சுற்றி அழற்சி இருந்தாலே கணுக்கள் பெருக்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது நமக்குப் புதிதில்லையே. வெட்டி எடுத்துப் பார்த்தால் பெருத்த கணுவில் ஒன்றுமே இருக்காது, ஸ்கானில் கண்ணுக்கே படாத 3, 4 மில்லிமீற்றர் கணுவில் நோய் இருக்கும். இரண்டும் அடிக்கடி நடக்கிறது. பெருங்குடலைப் பொறுத்தவரை கணு விஷயத்தில் ஸ்கானின் சொல்லை நான் பாதிதான் நம்புவேன். ஈரல், நுரையீரல் பற்றி அது சொல்வதற்கு நிறைய மதிப்புக் கொடுப்பேன். கணு பற்றிய இறுதித் தீர்ப்பு வெட்டிய பிறகு வரும் பதோலஜி றிப்போட்டில்தான்.

இனி சத்திரசிகிச்சை. கட்டி சிறிதாக இருக்கும்போது குடலை ஏன் இவ்வளவு நீளம் வெட்டுகிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். கட்டியின் இரு பக்கமும் சில அங்குலம் விட்டாலே குடற்சுவருக்குப் போதும். வெட்டும் நீளத்தைத் தீர்மானிப்பது கணுக்கள்தான். கணுக்களை எடுக்க நாடியை அதன் வேருக்குக் கிட்டக் கட்டி வெட்ட வேண்டும். நாடியைக் கட்டினால் அது இரத்தம் கொடுத்த குடல் முழுவதும் உயிரிழக்கும், ஆகவே அதையும் எடுத்தாக வேண்டும். வலப்பக்கக் கட்டி என்றால் சிறுகுடலின் கடைசித் துண்டு, குடல்வால், ஏறு பெருங்குடல், குறுக்குப் பெருங்குடலின் ஒரு பகுதி எல்லாம் ஒரே பொதியாக வெளியே வரும். பிறகு சிறுகுடலையும் மிச்சப் பெருங்குடலையும் பொருத்திவிடுவார்கள். திட்டமிட்டுச் செய்யும் வலப்பக்க ஒப்பரேஷனில் வயிற்றில் மலப் பை வைக்க வேண்டி வருவது அபூர்வம். குடல் அடைத்து அல்லது ஓட்டையாகி, அவசரமாக இரவில் செய்ய நேர்ந்தால் கதை வேறு. தள்ளிப்போட வேண்டாம் என்று நான் நச்சரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

“ஒரே பொதியாக” என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. மெசென்ரறியைக் கிழிக்காமல், அதை மூடியிருக்கும் மெல்லிய உறை முழுதாக இருக்க, பின்சுவரிலிருந்து அதன் இயற்கையான தளத்தில் பிரித்தெடுக்க வேண்டும். கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்குவதில்லை, அவை இருக்கும் கொழுப்போடு எல்லாம் சேர்ந்து வரும். ஜேர்மனியின் எர்லாங்கனில் ஹோஹன்பேர்கர் குழு இந்த முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தபோது, ஐந்தாண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்புவது 6.5 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். ஜப்பானியர் அதற்கு முன்பிருந்தே நாடி வேரின் கணுக்கள் வரை எடுப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள்.

எல்லாருக்கும் வேர் வரை போய் எடுக்க வேண்டுமா என்பதில் சேர்ஜன்களிடையே இன்னும் வாக்குவாதம் உண்டு. வலப்பக்கத்தில் அந்த வேர், சிறுகுடலுக்கே உயிரான பெரிய நாளத்தின் மேல் இருக்கிறது. அங்கே கை தவறினால் பெரும் இரத்தப்போக்கு. சீனாவில் ஆயிரம் பேரளவில் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் வேர் வரை எடுத்தவர்களில் 86.1 சதவீதம், வழக்கமான அளவில் எடுத்தவர்களில் 81.9 சதவீதம். புள்ளிவிபரப்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. இரத்தக்குழாய்க் காயமோ முதல் கூட்டத்தில் கூடுதலாக இருந்தது. என் அபிப்பிராயம் இது: வேரருகே சந்தேகமான கணு தெரிந்தால் அங்கே போகத்தான் வேண்டும். தெரியாவிட்டால், உறை கிழியாமல், நாடியின் தொடக்கத்துக்குக் கிட்டக் கட்டி, சுத்தமாகச் செய்த வழக்கமான ஒப்பரேஷன், பழக்கமில்லாத கையால் செய்யும் பெரிய ஒப்பரேஷனைவிட நல்லது. “வேர் வரை எடுப்பீர்களா?” என்று சேர்ஜனிடம் கேட்பதைவிட, “இந்த ஒப்பரேஷன் அடிக்கடி செய்வீர்களா?” என்று கேட்பது பிரயோசனமானது. கமராவால் சிறு துளைகளில் செய்வதா, வயிற்றைத் திறந்து செய்வதா என்பதில் மனதைப் போட்டு அலைக்கழிக்காதீர்கள். தேர்ந்த கை என்றால் புற்றுநோயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

கட்டி பக்கத்து உறுப்பில் ஒட்டியிருந்தால், உதாரணமாக வயிற்றுச் சுவரிலோ சிறுகுடல் மடிப்பிலோ, அதை விரலால் பிரித்தெடுக்கக் கூடாது. அந்த ஒட்டு வெறும் அழற்சியா புற்றுநோயா என்று கண்ணால் சொல்ல முடியாது. பாதிப் பேரளவில் அதற்குள் நோய் இருக்கிறது. ஒட்டிய துண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பிரித்தால்தான் கலங்கள் வயிற்றுக்குள் சிந்தும்.

“கத்தி பட்டால் பரவும்” என்ற பேச்சுக்கும் ஏதோ ஒரு வேர் இருக்கத்தான் செய்கிறது. ஒரு காலத்தில் ஸ்கான் வசதி இல்லை. வயிற்றைத் திறந்த பிறகுதான் உள்ளே எங்கும் நோய் இருப்பது தெரியும். ஒன்றும் செய்ய முடியாமல் மூடுவார்கள். சில மாதத்தில் அந்த மனிதர் மௌத்தாகிவிடுவார், பழி கத்தியின் மேல் விழும். உண்மையில் நோய் கத்திக்கு முன்பே பரவியிருந்தது. இன்று ஒப்பரேஷனுக்கு முன்பே ஈரலையும் நுரையீரலையும் பார்த்துவிடுகிறோம். வாப்பாவுக்கும் பார்த்தாயிற்று.

முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு வெட்டலாமே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அதிலும் விஷயம் இருக்கிறது. ஃபொக்ஸ்ட்ரொட் என்ற ஆய்வில் 1,053 பேரைச் சேர்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆறு வாரம் கீமோ கொடுத்துவிட்டு வெட்டினார்கள், மற்றக் கூட்டத்துக்கு நேரே வெட்டிவிட்டுப் பிறகு கீமோ. இரண்டாண்டில் நோய் மிஞ்சியோ திரும்பியோ இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 16.9 சதவீதம், இரண்டாவதில் 21.5 சதவீதம். முடிவு 2023இல் வெளியானது. பலன் உண்டு, ஆனால் எல்லாருக்கும் இதையே செய்ய வேண்டும் என்ற அளவுக்கு இல்லை. பக்கத்து உறுப்புக்குள் புகுந்த கட்டி, மொத்தையாகத் திரண்ட கணுக்கள் என்றால் இதை யோசிக்கலாம். வாப்பாவுக்கு இரத்தம் கசிகிறது, கட்டியையும் எடுக்கலாம் என்கிறார்கள். அப்படியானவருக்கு நேரே ஒப்பரேஷனுக்குப் போவது முற்றிலும் சரியான முடிவு.

பக்கத்து வீட்டில் யாருக்காவது முதலில் கரண்ட் பிடித்துவிட்டு ஒப்பரேஷன் செய்திருந்தால், அது மலக்குடல் புற்றுநோயாக இருந்திருக்கும். அது இடுப்பெலும்புக்குள் நகராமல் இருக்கும் உறுப்பு, கதிர்ச் சிகிச்சை அதற்கு உதவும். மேலே அசைந்துகொண்டிருக்கும் பெருங்குடலுக்கு அது வழக்கமான வைத்தியம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு “எங்களுக்கு மட்டும் ஏன் கரண்ட் இல்லை?” என்று வாட்டில் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டுவதற்கு முன்பு ஒரு பரிசோதனை பற்றிக் கேளுங்கள்: எம்.எம்.ஆர். புரதப் பரிசோதனை. கலம் பெருகும்போது மரபணுவில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை. கொலனோஸ்கோபியில் எடுத்த துண்டிலேயே செய்யலாம். பெருங்குடல் புற்றுநோய்களில் நூறில் 10 முதல் 15 வரை இந்தப் புரதக் குறைபாடு உள்ளவை. வலப்பக்கத்தில்தான் அவை கூடுதல். அந்த வகைக்கு நோயெதிர்ப்பு மருந்து அதிசயிக்கும்படி வேலை செய்கிறது. நெதர்லாந்தில் நடந்த நிஷ்-2 ஆய்வில் ஒப்பரேஷனுக்கு முன் சில வாரம் அதைக் கொடுத்ததில், வெட்டிப் பார்த்தபோது 68 சதவீதமானோரில் உயிருள்ள புற்றுநோய்க் கலமே மிஞ்சவில்லை. மருந்தின் விலைதான் நம்மைப் போன்ற நாடுகளில் பெரிய தடை. ஆனால் அந்தப் பரிசோதனையின் பெறுமதி மருந்தோடு முடிவதில்லை. இந்த நோய் பரம்பரையாக வந்ததா என்று தேடுவதற்கும் அதுதான் முதற்படி.

இப்போது, ஒப்பரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் கைக்கு வரும் பதோலஜி றிப்போட். வாப்பாவின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் பேசுவது இந்தக் காகிதம்தான். ஃபைலில் செருகிவிட்டு மறந்துவிடாதீர்கள். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது.

முதல் எண் 12 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவுகோல். 5 கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு “ஒன்றிலும் இல்லை” என்று எழுதினால் அதை முழுதாக நம்ப முடியாது. ஆறாவதில் இருந்திருக்கலாம். எண் குறைந்தால் உடனே சேர்ஜனைக் குறை சொல்லவும் வேண்டாம். வயதானவர்களில் கணுக்கள் குறைவாகத் தெரியும், முன்பே கீமோ கொடுத்திருந்தாலும் சுருங்கிவிடும். கொழுப்புக்குள் கடுகளவு கணுக்களைக் கையால் தடவித் தேடும் பொறுமையும் வேண்டும். ஆய்வுகூடத்தில் நடக்கும் இந்த வேலையை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஒருவருக்குக் கீமோ தேவையா என்பதே அங்கேதான் முடிவாகிறது. எண் 12க்குக் குறைந்தால், எடுத்த குடலை ஆய்வுகூடம் இன்னும் வைத்திருக்கும்போதே, மறுபடி தேடிப் பார்க்க முடியுமா என்று சேர்ஜன் மூலம் கேட்கலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. தாமதித்தால் அந்தத் துண்டை அப்புறப்படுத்திவிடுவார்கள்.

இரண்டாவது எண்ணில், 1 முதல் 3 கணுவில் நோய் இருந்தால் “என் 1” (N1), நான்கும் அதற்கு மேலும் என்றால் “என் 2” (N2) என்று எழுதுவார்கள். கணுவில் இல்லாமல் கொழுப்புக்குள் தனித் துணுக்காக நோய் கிடந்தாலும் அதை என் 1 வகையில்தான் சேர்ப்பார்கள். கட்டியின் ஆழமும் சேர்ந்தே எடை போடப்படும். ரி 3 (T3) என்றால் சுவரைத் தாண்டிக் கொழுப்பு வரை. ரி 4 (T4) என்றால் வெளி உறையையே துளைத்தது அல்லது பக்கத்து உறுப்புக்குள் போனது. கணு ஒன்றே எல்லாம் இல்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான உண்மை சொல்கிறேன். ஆழம் குறைந்த கட்டி, ஒரு கணுவில் மட்டும் நோய் என்ற மூன்றாம் நிலை நோயாளி, கணுவில் நோயே இல்லாத ரி 4 கட்டியுள்ள இரண்டாம் நிலை நோயாளியைவிட நன்றாக இருப்பார். நிலை எண்ணை மட்டும் கேட்டுவிட்டு அழுவதில் அர்த்தமில்லை.

கணுவில் நோய் இருந்தால் ஒப்பரேஷனுக்குப் பிறகு கீமோ. கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தில் போன கலங்களுக்காக அது. மூன்றாம் நிலையில் இந்த மருந்து உயிர் காக்கிறது என்பது 1990இலேயே நிறுவப்பட்டது. 2004இல் வந்த மொசைக் ஆய்வு அதோடு ஒக்ஸாலிபிளாற்றின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்தது. மூன்றாம் நிலையில் ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் பழைய மருந்தில் நூற்றுக்கு 59 அளவில், சேர்த்த மருந்தில் 66 அளவில். முன்பெல்லாம் எல்லாருக்கும் ஆறு மாதம். 2018இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ரி 4 இல்லாமல் 3 கணுவுக்குள் நோய் இருப்பவர்களுக்கு, ஒக்ஸாலிபிளாற்றினும் கப்பெசிற்றபீன் குளிசையும் சேர்த்து மூன்று மாதம் பெரும்பாலும் போதும் என்று தெரிந்தது. ரி 4 அல்லது என் 2 என்றால் ஆறு மாதம்தான் வழக்கம். தொடங்கும் காலமும் முக்கியம், ஒப்பரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். றிப்போட் எடுக்கப் பிந்தி, கிளினிக் திகதி பிந்தி, ஊரில் கலியாணம் என்று பிந்தி, நான்காம் மாதம் வருபவர்கள் உண்டு. மருந்தின் பலன் அதற்குள் தேய்ந்துவிடும்.

ஒக்ஸாலிபிளாற்றின் ஏற்றிய நாட்களில் குளிரான எதையும் தொட்டாலோ குடித்தாலோ கையும் தொண்டையும் மின்சாரம் அடித்தது போல விறைக்கும். நம் வெயிலுக்குப் பிரிட்ஜ் தண்ணீரைத் தேடத்தான் செய்வார், தடுத்துவிடுங்கள். கப்பெசிற்றபீனைக் காலையும் இரவும் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம். வெறுங்காலோடு வயலில் இறங்குவது அந்த மாதங்களில் வேண்டாம். வயிற்றோட்டம் கடுமையாகினாலோ காய்ச்சல் வந்தாலோ குளிசையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. றமழான் குறுக்கே வந்தால், நோயாளிக்கு மார்க்கமே நோன்பிலிருந்து சலுகை தந்திருக்கிறது, சுகமான பிறகு பிடித்துக்கொள்ளலாம். இதை வாப்பாவிடம் நீங்கள் சொல்வதைவிடப் பள்ளி இமாம் சொன்னால் எடுபடும்.

கொழும்பா இங்கேயா? வலப்பக்கப் பெருங்குடலை எடுப்பது பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழக்கமான வேலை. அதற்காக மட்டும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. உங்களுக்குக் கல்முனையும் கிட்ட, மட்டக்களப்பும் கிட்ட. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது, ஆகவே பிறகு வரும் கீமோவையும் அங்கேயே பெறலாம். மூன்று வாரத்துக்கொரு முறை இரவு பஸ்ஸில் கொழும்பு போய்வந்து, பாதியில் மருந்தை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். கட்டி முன்சிறுகுடலிலோ கணையத்திலோ ஒட்டியிருக்கிறது என்று ஸ்கான் சொன்னால்தான் பெரிய இடத்துக்கு அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. அதையும் இங்குள்ள சேர்ஜனே எழுதிக் கொடுப்பார். நீங்களாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று இடம் சுற்றினால் வாரங்கள்தான் போகும்.

திகதி வரும்வரை செய்ய வேண்டியவை உண்டு. இரும்புச்சத்துக் குறைவை ஊசி மூலமாகச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். சீனி இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைத்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முட்டை, மீன், பருப்பு நன்றாகச் சாப்பிடட்டும், “புற்றுநோய்க்கு மீன் ஆகாது” என்ற பத்தியமெல்லாம் வேண்டாம். தினமும் நடக்கட்டும். குடலைப் பொருத்திய இடம் நூறில் சிலருக்குக் கசியும், அதுதான் இந்த ஒப்பரேஷனின் பயப்பட வேண்டிய சிக்கல். உடம்பு தேறியிருப்பவர்தான் அதிலிருந்து மீளுவார். கீமோ முடிந்த பிறகும் நடையை விட வேண்டாம். 2025இல் வந்த ஓர் ஆய்வில், கீமோ முடித்த 889 பேரில் மூன்றாண்டு ஒழுங்கான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் 80.3 சதவீதம், அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம். இது பல மருந்துகள் தரும் பலனுக்கு நிகரானது, செலவும் இல்லை.

பிறகு கண்காணிப்பு: முதல் சில வருடங்கள் 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை கிளினிக்கும் சி.இ.ஏ. (இந்தப் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனையும், குறித்த காலத்துக்கொரு முறை ஸ்கான், ஒரு வருடத்தில் கொலனோஸ்கோபி. ஒப்பரேஷனுக்கு முன்பே ஒரு தடவை சி.இ.ஏ. எடுத்திருந்தால்தான் பின்னால் ஏறுகிறதா என்று ஒப்பிட முடியும்.

கடைசியாக உங்களுக்கும் உங்கள் நானா, தாத்தா (அக்கா), தம்பிமாருக்கும். வாப்பாவுக்கு 60 வயதுக்கு முன்பே வந்திருப்பதால், நீங்கள் ஒவ்வொருவரும் 40 வயதில் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். எம்.எம்.ஆர். பரிசோதனையில் பரம்பரை வகை என்று சந்தேகம் வந்தால் 20களிலேயே தொடங்க வேண்டியிருக்கும். வாப்பாவின் கூடப்பிறந்தவர்கள் இப்போதே போகலாம், அவர்களுக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது.